கமிட்டி ரூம் கதவு எப்போது திறக்கும்?

கூட்டம் நடக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே நாலைந்து பேர் பேசுகிறார்கள். டீ போகிறது. பிஸ்கட் போகிறது. ஒரு மணி நேரத்தில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து ஊருக்குள் மண் அள்ளும் எந்திரம் வந்து நிற்கிறது. "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் கமிட்டியில முடிவாயிடுச்சு" என்று பதில் வருகிறது.

எந்தக் கமிட்டி? அதில் யார் யார்? எந்தத் தேதியில் கூடினார்கள்? யாராவது எதிர்த்துப் பேசினார்களா? ஊரில் ஒருவருக்கும் தெரியாது!

இது ஏதோ ஒரு ஊரின் கதை அல்ல. தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற பேச்சு. ஆனால் இருங்காட்டுக்கோட்டை பக்கம் இதற்குக் கனம் அதிகம். ஏனென்றால் இங்கே ஒரு கையெழுத்தில் வயல் ரோடாகிறது. ஏரிக்கரை லாரி ஸ்டாண்டாகிறது. மற்ற ஊரில் ஐம்பது வருஷத்தில் வருகிற மாற்றம், இங்கே ஐந்தே வருஷத்தில் வந்துவிடுகிறது.

டீக்கடைப் பேச்சு

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை. சாயங்கால ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ரோட்டோர டீக்கடைகளில் நிற்க இடம் இல்லை. அங்கே காதைக் கொடுத்தால் இப்படி ஒரு பேச்சு விழும்:

"தம்பி, நாளன்னிக்கு கிராம சபை. வர்றியா?"

"எனக்கு ரெண்டாவது ஷிப்டுண்ணே. அதுவும் இல்லாம, எனக்கு ஓட்டு தென்காசியில இருக்கு."

"ஓட்டு அங்க, குப்பை இங்கயா?"

"என்னண்ணே பண்றது? குப்பை வண்டி எப்ப வரும்னு யார்ட்ட கேக்கிறதுன்னே தெரியல."

"அதுக்கு ஒரு கமிட்டி இருக்காம்."

"எந்தக் கமிட்டிண்ணே? எங்க கூடுது?"

"அது தெரிஞ்சா நானே போய்க் கேட்டிருக்க மாட்டேனா!"

சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆனால் சிரித்து விட்டுவிடுகிற விஷயமா இது?

இருங்காட்டுக்கோட்டை ஒரு காலத்தில் ஏரிப் பாசனக் கிராமம். 1990-ல் கார் பந்தய மைதானம் வந்தது. 1996-ல் ஹூண்டாய் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் வரிசை கட்டின. வேலை வந்தது. வாடகை வந்தது. கடை வந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை.

தொழிற்பேட்டைக்குள் ரோடு, தண்ணீர், விளக்கு எல்லாம் சிப்காட் பார்த்துக்கொள்கிறது. வேலியைத் தாண்டி வெளியே வந்தால்? குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் பஞ்சாயத்து தலையில்! உலகத்துக்கே கார் அனுப்புகிற இடத்தின் குப்பையை, கிராமப் பஞ்சாயத்து அள்ள வேண்டும். அப்படியானால் அந்தப் பஞ்சாயத்து எடுக்கிற ஒவ்வொரு முடிவும் எத்தனை ஆயிரம் பேரைத் தொடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணும் பஞ்சாயத்தும்

பஞ்சாயத்து ராஜ் பற்றிப் பேசும்போது ஸ்ரீபெரும்புதூரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1989 மே மாதம் பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதாவைப் பார்லிமெண்டில் கொண்டுவந்தவர் ராஜீவ் காந்தி. அந்த வருஷம் அக்டோபரில் ராஜ்ய சபையில் அது தோற்றது. 1991 மே 21-ந் தேதி இரவு இதே ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். அவர் நினைத்த சட்டம் 1992 டிசம்பரில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி கிராம சபை. பஞ்சாயத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். தலைவரும் ஒருவர்தான், மாடு மேய்க்கிற பாட்டியும் ஒருவர்தான். வரவு செலவை அங்கே வைக்க வேண்டும். தணிக்கை அறிக்கையை வைக்க வேண்டும். ஊர் வளர்ச்சித் திட்டத்துக்கு அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். ஏழு நாளுக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

முன்பு அறிவிப்பு என்றால் தண்டோரா. அது ஒரு மனிதனை இழிவு செய்கிற பழக்கம் என்று 2022-ல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. ரொம்பச் சரி. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றது. அதுவும் சரி. வண்டி எத்தனை தெருவுக்குள் போகிறது என்பதுதான் கேள்வி!

லீவு நாள் கணக்கு

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொழிலாளிகள் கவனிக்க வேண்டிய வேடிக்கை.

கிராம சபை முன்பு வருஷத்துக்கு நாலு தடவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலு நாளும் ஆலைகளுக்குச் சம்பளத்தோடு லீவு. 1958-ம் வருஷத்துத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே தொழிலாளி நினைத்தால் வரலாம்.

2022-ல் அரசு இதை ஆறாக்கியது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று இரண்டு நாள் சேர்ந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தச் சட்டத்தின் கட்டாய லீவுப் பட்டியலில் இல்லை. முதல் ஷிப்டுக்காரர் அதிகாலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். இரவு ஷிப்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். கூட்டம் காலை 11 மணிக்கு என்றால் யார் வருவது?

தண்ணீர் தினத்துக் கூட்டத்தில் தண்ணீர் பற்றிப் பேச்சு. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக் கொடுத்து அலுத்தவன் அந்த நேரம் அசெம்பிளி லைனில் நட்டு முடுக்கிக்கொண்டிருப்பான்!

மாலை ஆறரை மணிக்கு ஒரு கூட்டம் வைத்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன? ஆறு கூட்டத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று யாரும் கையைக் கட்டவில்லை.

பூட்டு எங்கே?

சரி, கிராம சபையாவது திறந்த வெளியில் நடக்கிறது. நாலு பேர் கை தூக்கிக் கேட்கலாம். ஆனால் அங்கே வந்து வாசிக்கப்படுவது பெரும்பாலும் முன்னமே சமைத்த சோறு. அது வெந்த அடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் கமிட்டி.

ஒரு கிராமப் பஞ்சாயத்தில் எத்தனை கமிட்டி தெரியுமா? நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை - நீர்வளக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என்று ஐந்து. இதற்கு மேல் கிராம சுகாதாரக் குழு. 2002-ம் வருஷத்துச் சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழு. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு. ஒன்றியத்தில் தனி, மாவட்டத்தில் தனி.

இதில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டது. யார் உட்கார வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மற்றக் குழுக்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரில் பத்துப் பேரைக் கேளுங்கள். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள்!

நகரத்திலும் இதே கதைதான். வார்டு கமிட்டி, பகுதி சபைக்கு 2022-ல் தமிழ்நாட்டில் விதி வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சரே பம்மலில் போய் உட்கார்ந்தார். பகுதி சபைக்கு வாக்காளர் எல்லோரும் போகலாம். நல்லது. ஆனால் அந்தப் பகுதியின் பிரதிநிதியாக வார்டு கமிட்டியில் உட்காருகிறவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நியமனம்தான்!

சட்டத்தில் ஒரு வரி

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே, 1997-ல் இப்படி ஒரு சட்டத்தைப் போட்டது தமிழ்நாடு. இந்தியாவிலேயே முதலில் போட்டது நாம்தான்!

2005 சட்டத்தின் நாலாவது பிரிவில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும், தன்னிடம் உள்ள வாரியம், கவுன்சில், கமிட்டி, ஆலோசனைக் குழு எல்லாவற்றின் பட்டியலையும் யாரும் கேட்காமலே தானாக வெளியிட வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிற குழுவானாலும் சேர்க்க வேண்டும். அதோடு, அந்தக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்றும் எழுத வேண்டும்.

எவ்வளவு அருமையான வரி! ஆனால் அதில் ஒரு ஓட்டை. "வரலாமா, கூடாதா என்று எழுது" என்கிறதே தவிர, "கதவைத் திற" என்று சட்டம் கட்டளை போடவில்லை. "பொதுமக்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரி எழுதிவிட்டால் சட்டத்துக்குக் கணக்கு முடிந்தது!

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கொலைக் கேஸ் விசாரணை திறந்த கோர்ட்டில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் போடுகிற எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும்தான் விலக்கு. பிக்பாக்கெட் கேஸ் கூட மறுநாள் ஊருக்குத் தெரிகிறது. ஊர் ஏரியைத் தூர் வாருவதா, கரையில் ரோடு போடுவதா என்று பேசிய கமிட்டியின் மினிட் நோட்டு மட்டும் பீரோவுக்குள் தூங்குகிறது. இது என்ன நியாயம்?

விரிந்த கை

"திறந்த கூட்டம் எல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம். நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் தூரமாகப் போக வேண்டாம். இதே காஞ்சீபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூருக்கு ஒரு பஸ் ஏறினால் போதும்.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், வருஷ வேலைக்கு ஒரு வாரியம். வாரியம் என்றால் கமிட்டி. அந்தக் கமிட்டிக்கு ஆள் எடுத்த விதத்தைக் கேளுங்கள்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்கும் சபையில், வயதில் மூத்தவர் ஒருவர் எழுந்து, அந்தக் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். விஷயம் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தர், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! பெயரை அவர் உரக்கப் படித்தார். அங்கிருந்த மற்றவர்களும் திரும்பப் படித்தார்கள்.

அதோடு விடவில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகவே கூடாது. அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் இடம் இல்லை! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கண்டிப்பு.

உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தச் சபை எல்லோருக்குமான சபை அல்ல. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் குடத்தில் இடம். பெண்களுக்கு இல்லை. உழுதவனுக்கு இல்லை. அந்தக் குறையை இன்றைய சட்டம் தீர்த்துவிட்டது. இன்று எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் அன்று இருந்த விரிந்த கை இன்று எங்கே போனது? யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம் என்கிற காலத்தில், உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது என்றால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கின கதைதான்.

இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோவிலில் ஏறி நின்று ஊருக்கே கூவிச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. மந்திரத்துக்கே ரகசியம் வேண்டாம் என்று சொன்னவர் பிறந்த ஊர்ப் பக்கம், குப்பை டெண்டருக்கு என்ன ரகசியம்?

கடல் தாண்டி

வெளிநாட்டையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1953-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நகரசபை மட்டும் அல்ல, நகரசபை அமைக்கிற ஆலோசனைக் கமிட்டிகளும் அதில் அடக்கம். சாதாரணக் கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்னால் என்னென்ன பேசப்போகிறோம் என்று பட்டியல் ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத விஷயத்தில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது. 1967-ல் புளோரிடா மாநிலம் இப்படி ஒரு சட்டம் போட்டது. அதற்குச் சூரிய வெளிச்சச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1960-ல் ஒரு புது பெண் எம்.பி. தன் கன்னிப் பேச்சிலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார். உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் பத்திரிகைக்காரர்களையும் பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்பது மசோதா. அது சட்டமானது. அந்த எம்.பி. யார்? பின்னால் பிரதமரான மார்கரெட் தாட்சர்! கட்சி எதுவானாலும், கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் நியாயம் ஒன்றுதான்.

கேட்காத காது

கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 15-ந் தேதி ஏகனாபுரம் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த கிராம சபைகளிலும் அதே தீர்மானம். 2024 பார்லிமெண்டுத் தேர்தலைக்கூட அந்த ஊர் புறக்கணித்தது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். வேண்டும் என்பவர்களுக்கும் காரணம் உண்டு. ஆனால் ஒரு ஊர் முறைப்படி கூடி, முறைப்படி கை தூக்கிப் போட்ட தீர்மானம் என்ன ஆனது, யார் மேஜைக்குப் போனது, என்ன பதில் வந்தது என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டாமா? ஏற்கவில்லை என்றால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டாமா?

ஆலைகள் விஷயத்திலும் ஒரு சங்கதி. 2006-ல் மத்திய அரசு போட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, பெரிய ஆலை வருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு அதே அறிவிக்கை விலக்குக் கொடுத்தது. பின்னால் அதற்குச் சில நிபந்தனைகள் சேர்ந்தன. ஆக, ஆலை அதிகமாக உள்ள இடத்தில்தான் கேட்கிற கூட்டம் குறைவு! அதனால்தான் இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பஞ்சாயத்துக் கூட்டமும் கமிட்டிக் கூட்டமும் இத்தனை முக்கியம்.

கூட்டம் என்பது எளிதாகக் காணாமல் போகிற சாமான். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றது. காஞ்சீபுரம் மாவட்டக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. ஐந்து வருஷம் தனி அலுவலர் ராஜ்யம்! 2020-ல் காந்தி ஜெயந்தி கிராம சபை கொரோனாவால் ரத்தானது. தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, கேட்கிற சபையும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்குத் துணை எது? எழுதி ஒட்டிய காகிதம்தான்.

அதிகாரிகள் சொல்லும் காரணம்

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "எல்லாக் கூட்டத்தையும் திறந்துவிட்டா கூச்சல்தான் மிஞ்சும். வேலை நடக்காது" என்பார்கள். "டெண்டர் ரேட் முன்னாடியே வெளியே போயிடும்" என்பார்கள். "எந்த இடத்துல ரோடு வருதுன்னு தெரிஞ்சா புரோக்கருங்க நிலத்தை வளைச்சிடுவாங்க" என்பார்கள்.

டெண்டர் பிரிக்கும்வரை ரேட் ரகசியமாக இருக்கட்டும். ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், ஒரு ஊழியர் மீதான விசாரணை இவற்றுக்குக் கதவைச் சாத்தட்டும். தகவல் சட்டமே இப்படிப்பட்டவற்றுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் சாத்துகிறபோது, இன்ன காரணத்துக்காகச் சாத்துகிறோம் என்று நோட்டில் எழுதிவிட்டுச் சாத்தட்டும்.

கூச்சல் என்கிற பயத்துக்கும் மருந்து இருக்கிறது. வந்து உட்கார்ந்து கேட்கலாம், பேச இத்தனை நிமிஷம், பேர் கொடுத்தவர் மட்டும் பேசலாம் என்று விதி போட்டால் தீர்ந்தது. கோர்ட்டில் ஜனங்கள் கூச்சலா போடுகிறார்கள்?

புரோக்கர் பயம் இருக்கிறதே, அதுதான் சிரிப்பு. ஊருக்குத் தெரியாத ரகசியம் புரோக்கருக்குத் தெரியாமல் இருந்தது எப்போது? கதவைச் சாத்தினால் சேதி தெரியாமல் போவது பாமரனுக்குத்தான். தன் நிலத்துக்குப் பக்கத்தில் ரோடு வருவது தெரியாமல் வந்த விலைக்கு விற்றுவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவனும் அவன்தான்.

என்ன செய்ய வேண்டும்?

இதற்குப் புரட்சி வேண்டாம். கோடிக் கணக்கில் பணமும் வேண்டாம். ஒரு போர்டும் ஒரு டப்பா சாக்பீசும் போதும்.

முதலாவது, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலும் கமிட்டிப் பட்டியலை எழுதி வைக்க வேண்டும். எந்தக் கமிட்டி, யார் உறுப்பினர், எப்போது கூடும். இது புதிதாகக் கேட்பது அல்ல. 2005 சட்டம் ஏற்கெனவே சொன்னதுதான்.

இரண்டாவது, கமிட்டி கூட மூன்று நாள் இருக்கும்போதே, பேசப்போகும் விஷயங்களை ஒட்ட வேண்டும். "இதர விஷயங்கள்" என்கிற பெட்டிக்குள் யானையை ஒளிக்கக் கூடாது.

மூன்றாவது, கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் மினிட்டின் நகல் வாசலில் தொங்க வேண்டும். யார் சரி என்றார், யார் வேண்டாம் என்றார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நாலாவது, மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டம் வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஷிப்டு தெரிந்து நேரம் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, வாடகைக்கு இருப்பவர் சங்கதி. தென்காசியிலும் திருவண்ணாமலையிலும் ஓட்டு உள்ளவர்கள், பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். கிராம சபையில் அவர்களுக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. அது சட்டம். ஆனால் பார்வையாளராக வந்து கேட்கவும், குடிதண்ணீர், குப்பை பற்றிச் சொல்லவும் இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தண்ணீர்க் குழாய் ஓட்டு லிஸ்ட் பார்த்தா ஒழுகுகிறது?

கடைசியாக, அரசு செய்ய வேண்டிய வேலை ஒன்று. "கமிட்டிக்குப் பொதுமக்கள் வரலாமா?" என்று சட்டம் கேட்கிற அந்தக் கட்டத்தில், உள்ளாட்சி ஆலோசனைக் குழுக்கள் எல்லாம் "வரலாம்" என்றே எழுத வேண்டும் என ஒரு விதி போட வேண்டும். தகவல் சட்டத்தை நாட்டிலேயே முதலில் போட்ட மாநிலம் இதையும் முதலில் போட்டால் பெருமைதானே?

பத்து ரூபாய்

அரசு விதி போடும்வரை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியது இல்லை. ஒரு வெள்ளைத் தாள். பத்து ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு. "எங்கள் பஞ்சாயத்தில் எத்தனை குழுக்கள் உள்ளன? உறுப்பினர்கள் யார்? சென்ற ஒரு வருஷத்தில் எந்தெந்தத் தேதியில் கூடின? நடவடிக்கைக் குறிப்பின் நகல் தேவை" என்று நாலு வரி. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பரம ஏழைகளுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.

ஒருவர் கேட்டால் "இவனுக்கு என்ன வந்துச்சு" என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பீரோ சாவியைத் தேடுவார்கள். தெருவே கேட்டால் போர்டு எழுத ஆள் தேடுவார்கள்!

டீக்கடை அண்ணனும் தென்காசித் தம்பியும் அடுத்த முறை பேசிக்கொள்ளும்போது, "எந்தக் கமிட்டி?" என்கிற கேள்விக்குப் பதில் எதிர்ச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். தேதி போட்டு, பெயர் போட்டு, எல்லோரும் படிக்கும்படி.